கொழும்பு மாடிவீட்டிலிருந்து இரட்டை விண்மீன் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, நான்காம் மாடியில் இருக்கிறேன். பல்கனியில் நின்றால் எதிர்த் தொடர்மாடியின் தண்ணீர்த் தாங்கியும் ஒரு கீற்றுக் கடலும் தெரியும். இங்கே இருந்துகொண்டு, வெளிநாடுகளிலுள்ள தொலைகாட்டிகளை இணையம் வழியாகப் பாவித்து விண்மீன்களை அளக்கிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு கேட்கத் தொடங்குவார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் கேட்டதும், கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டதுமாகச் சேர்ந்துபோன கேள்விகள் இவை.

இரட்டை விண்மீன் என்றால் என்ன?

வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றாகவும் தொலைகாட்டிக்கு இரண்டாகவும் தெரிவது. கலியாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோமே, அந்த அருந்ததிதான் நம் ஆட்களுக்கு மிகவும் பழக்கமான உதாரணம். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவே இருப்பது வசிட்டர், வெளியுலகம் மைசார் என்று சொல்வது. அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மங்கலாகத் தெரிவது அருந்ததி. பகலில் நடக்கும் கலியாணத்தில் ஐயர் காட்டும் திசையில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை, அது வேறு கதை.

இவை இரண்டுக்கும் இடைவெளி கிட்டத்தட்ட 12 கலை. ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு கலை, கலையின் 60இல் ஒரு பங்கு விகலை. பஞ்சாங்கக்காரரின் சொற்கள்தான், எனக்கு இவையே வசதி. ஆனால் இரட்டை பார்ப்பவர்களுக்கு ருசியான இடம் அருந்ததி இல்லை, வசிட்டர். சிறிய தொலைகாட்டியில் பார்த்தாலே வசிட்டர் தானே இரண்டாகப் பிரிவார். 1617இல் கலிலியோ அந்த இடைவெளியை 15 விகலை என்று குறித்து வைத்தார். இன்றைய அளவு 14.4 விகலை.

விகலை எவ்வளவு சிறியது? வெள்ளவத்தையில் நின்றுகொண்டு, ஏறக்குறைய 6 கிலோமீற்றர் தள்ளிக் காலிமுகத்திடலில் ஒருவர் கையிலுள்ள இறால் வடையைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வடையின் மேலிருக்கும் 3 சென்ரிமீற்றர் இறால்தான் ஒரு விகலை.

அதில் அளக்க என்ன இருக்கிறது?

இரண்டே எண்கள். ஒன்று இடைவெளி, விகலையில். மற்றது நிலைக்கோணம்: பிரகாசமான விண்மீனில் நின்று, வடக்கைப் பூச்சியம் என்று வைத்து, கிழக்குப் பக்கமாகச் சுற்றிப் போனால் துணை விண்மீன் எத்தனை பாகையில் இருக்கிறது என்பது. 0 முதல் 360 வரை வரும். வானத்தைப் பார்க்கும்போது வடக்கு மேலே என்றால் கிழக்கு இடப்பக்கம் இருக்கும், நிலப்படத்துக்கு நேர்மாறு. தொடக்கக்காரர் அனைவரும் இதில் ஒரு தடவை விழுவார்கள்.

இவற்றோடு திகதி சேரவேண்டும். அதை ஆண்டின் தசமமாக எழுதுவது வழக்கம்: 2024 ஏப்ரல் 1 என்றால் 2024.249. நாளைக் கணக்கிடுவது உலக நேரத்தில். நமக்கு ஏப்ரல் 2 அதிகாலை 2 மணி ஆனாலும் உலக நேரத்தில் இன்னும் ஏப்ரல் 1 இரவு 8.30தான்.

இதை அளந்து யாருக்கு என்ன லாபம்?

பந்திக்காரரின் கேள்வி. எனக்கும் பிடித்த கேள்வி.

ஒரு விண்மீனின் திணிவை நேராக நிறுக்க வழியில்லை. ஆனால் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றினால், சுற்றும் காலமும் பாதையின் அளவும் தெரிந்தால், கெப்ளரின் விதி மீதியைச் சொல்லிவிடும். தென்வானத்துப் பிரகாசமான இரட்டையான அல்பா சென்ரோரியை எடுங்கள். அது சுற்ற ஏறத்தாழ 80 ஆண்டு எடுக்கிறது. பாதையின் அரைப்பேரச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீண்ட விட்டத்தில் பாதி, வானத்தில் 17.5 விகலை. அதன் இடமாறு, அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம், 0.75 விகலை. 17.5ஐ 0.75ஆல் வகுத்தால் 23.3, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 23.3 மடங்கு. அதன் கனத்தை 80இன் வர்க்கத்தால் வகுங்கள். விடை கிட்டத்தட்ட 2. இரண்டு விண்மீன்களும் சேர்ந்து இரண்டு சூரியன்களின் திணிவு. உயர்தர மாணவர் கல்குலேற்றரில் ஒரு நிமிடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

அந்த 17.5உம் 80உம் யாரோ ஒருவர் ஒரே இரவில் கண்டுபிடித்தவை அல்ல. பலர், பல தலைமுறையாக, ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்தவை. அல்பா சென்ரோரி இரட்டை என்பதை முதலில் கண்டதே நமக்குப் பக்கத்தில்தான்: 1689 டிசம்பரில், புதுச்சேரியில் இருந்த யேசு சபைப் பாதிரியார் ரிஷோ, ஒரு வால்வெள்ளியைப் பார்க்கப் போன இடத்தில் கண்டார்.

கையா விண்கலம் எல்லாவற்றையும் அளந்துவிட்டதே, பிறகு நாங்கள் எதற்கு?

நியாயமான கேள்வி, இதற்கு மழுப்பிப் பதில் சொல்ல விரும்பவில்லை. விண்மீன்களின் இடங்களை அளப்பதற்கென்றே ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2013 டிசம்பரில் ஏவிய கையா 2025 ஜனவரிவரை வானத்தை வருடியது. 2022இல் வந்த அதன் மூன்றாவது தரவுத்தொகுதியில் ஒரு சாதாரண 12ஆம் பருமன் விண்மீனின் (பருமன் என்பது பிரகாசத்தின் அளவு, எண் கூடக் கூட மங்கல்) இடம், நானும் நீங்களும் எவ்வளவு முயன்றாலும் எட்டமுடியாத நுணுக்கத்தில் இருக்கிறது. அகன்ற, மங்கலான இரட்டைகளைப் பொறுத்தவரை கையாவோடு போட்டிபோடுவது வீண்.

ஆனால் மிகப் பிரகாசமான விண்மீன்கள் கையாவுக்குக் கண்கூசும். நெருங்கிய சோடிகளில் அது தடுமாறும். அதைவிட முக்கியம் காலம். முன்னூறு, ஐந்நூறு ஆண்டு எடுத்துச் சுற்றும் சோடிக்குப் பதினோரு ஆண்டு என்பது ஒரு சின்ன வில் மட்டுமே. 1830இல் வானியலாளர் ஸ்ட்ரூவ எடுத்த அளவும், 1900இல் இன்னொருவர் எடுத்ததும், கையாவும், கையா நின்ற பிறகு எடுக்கப்படும் அளவுகளும் ஒரே பாதையில் அமரவேண்டும். கடைசி வகையில்தான் நமக்கு இடம் இருக்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன்: என் முதல் இருபது அளவுகளால் வானியலுக்கு நன்மை ஒன்றும் விளைந்திருக்காது. எனக்கு விளைந்தது.

கொழும்பிலேயே ஒரு தொலைகாட்டி வைத்துச் செய்ய முடியாதா?

முடியும், ஓரளவுக்கு. நகர வெளிச்சம் நெபுலாக்கள் எனும் மங்கலான வாயு முகில்களைத்தான் விழுங்கும். இரட்டைகள் புள்ளிகள், அவை தாக்குப்பிடிக்கும். பிரச்சினை முகில். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவம், ஒக்ரோபர் நவம்பரில் பின்னேர இடிமழை. ஜனவரி பெப்ரவரியில்தான் வானம் கொஞ்சம் மனமிரங்கும். கடற்காத்து உலோகத்தைத் தின்னும், ஈரப்பதன் வில்லையில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். தொலைகாட்டியின் அச்சை வடதுருவத்துக்கு ஒழுங்காகத் திருப்ப துருவ நட்சத்திரம் தேவை. கொழும்பில் அது அடிவானத்துக்கு மேல் 7 பாகையில் இருக்கிறது, அதாவது பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பின்னால்.

மொறட்டுவை கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் யப்பான் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது, 1996இலிருந்து. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். முகில் அதற்கும் சலுகை காட்டுவதில்லை.

தொலைவிலுள்ள தொலைகாட்டி எங்கே இருக்கிறது? எப்படிக் கிடைக்கும்?

இரண்டு வழிகள் எனக்குப் பழக்கம். ஒன்று ஐடெலஸ்கோப் போன்ற கட்டணச் சேவை. அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங், ஸ்பெயின், அமெரிக்கா, சிலி என்று பல இடங்களில் தொலைகாட்டிகள் உண்டு. பாவித்த நிமிடத்துக்குப் புள்ளிக் கணக்கில் காசு கழியும். நிலாக்காலத்தில் கட்டணம் குறையும், நெபுலாப் படக்காரர் அப்போது ஒதுங்கிவிடுவார்கள். இரட்டை அளப்பவருக்கு நிலா ஒரு பொருட்டே இல்லை, எனவே நாங்கள் பௌர்ணமிக்கு முன்பின் நாட்களில் மலிவாகப் புகுந்துவிடுவோம். போயா விடுமுறையும் சேர்ந்து வரும்.

மற்றது லாஸ் கும்ப்ரேஸ் வலையமைப்பு. சிலி, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா, ஹவாய், தெனரீஃப் என்று உலகைச் சுற்றித் தொலைகாட்டிகள். அங்கே நீங்கள் கதவைத் திறந்து தொலைகாட்டியைத் திருப்புவதில்லை. இந்த விண்மீன், இந்த நிற வடிகட்டி, இத்தனை செக்கன், இத்தனை படம் என்று விண்ணப்பம் போட்டால், எங்கே இருட்டும் தெளிந்த வானமும் இருக்கிறதோ அங்கே இயந்திரம் தானே எடுத்து அனுப்பும். கல்விக் கூட்டுத் திட்டங்கள் வழியாக மாணவர் குழுக்களுக்கு நேரம் கிடைக்கிறது. பாடசாலை வானியல் கழகம் நடத்தும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

நேர வித்தியாசம் நமக்கு வாய்த்த வரம். சைடிங் ஸ்பிரிங்கில் இரவு 7.30 ஆகும்போது கொழும்பில் பின்னேரம் 3 மணி. பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு இருந்தால் அங்கே வானம் தயார். சிலியில் இரவு தொடங்கும்போது இங்கே விடியப்போகும், அதனால் அதை விண்ணப்பத்தில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

எந்தச் சோடியை முதலில் எடுப்பது?

வோஷிங்ரன் இரட்டை விண்மீன் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பராமரிப்பது. 150,000க்கு மேற்பட்ட சோடிகள். ஒவ்வொரு வரியிலும் முதல் அளவு எந்த ஆண்டு, கடைசி அளவு எந்த ஆண்டு, மொத்தம் எத்தனை தடவை என்று இருக்கும். ஸ்டெல்லே டொப்பியே என்ற இணையத்தளத்தில் அதே பட்டியலைச் சல்லடை போட்டுத் தேடலாம்.

தொடக்கத்துக்கு என் சல்லடை: இடைவெளி 6 முதல் 30 விகலை, இரண்டும் 8க்கும் 12க்கும் இடைப்பட்ட பருமன், பருமன் வித்தியாசம் 2க்குள், கடைசி அளவு எடுத்துச் சில ஆண்டாவது ஆகியிருக்கவேண்டும், அளவுகளின் எண்ணிக்கை குறைவாக இருக்கவேண்டும். தென்வானத்தைப் பாருங்கள். வரலாறு முழுக்க வானாய்வகங்கள் வடக்கில் குவிந்திருந்ததால் தெற்கில் கவனிக்கப்படாத சோடிகள் கூட.

தேடும்போது பழைய இடைவெளியும் கோணமும் கண்ணில் படத்தான் செய்யும். அவற்றை எழுதி வைக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எவ்வளவு நேரம் படம் பிடிப்பது?

இங்கேதான் அழகான படம் எடுக்கும் பழக்கம் கெடுக்கும். அழகுக்கு நீண்ட நேரம் வேண்டும், அளவுக்குக் குறுகிய நேரம்.

சி.சி.டி என்பது ஒளியை எண்ணும் தட்டு. ஒவ்வொரு பிக்சலும் ஒரு வாளி, ஒளி விழ விழ மின்னேற்றம் நிரம்பும். 16 பிற்றுக் கமெராவில் எண்ணிக்கை 65,535இல் முட்டும். வாளி நிரம்பிய பிறகு விழுந்த ஒளி கணக்கில் வராது, சில கமெராக்களில் பக்கத்து வாளிக்கு வழிந்து கோடாக இழுபடும். நிரம்பிய விண்மீனின் உச்சி மொட்டையாகிவிடும், மொட்டைத் தலையில் நடு எது என்று எந்த மென்பொருளும் சரியாகச் சொல்லாது. எனவே பிரகாசமான விண்மீனின் உச்சி 30,000ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்கிறேன். முதலில் 2, 5, 10, 20 செக்கன் என்று ஒவ்வொரு படம் பரிசோதனைக்கு. பிறகு பொருத்தமான நேரத்தில் குறைந்தது பத்துப் படம். ஒரு படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது, காற்று ஒவ்வொரு படத்திலும் விண்மீனை வேறு பக்கம் தள்ளும்.

பிக்சல் எவ்வளவு வானத்தை மூடுகிறது என்பதும் தெரியவேண்டும். பிக்சலின் மைக்ரோமீற்றரை 206.265ஆல் பெருக்கி, மில்லிமீற்றரில் குவியத்தூரத்தால் வகுங்கள். 9 மைக்ரோமீற்றர் பிக்சலும் 2,000 மில்லிமீற்றர் தொலைகாட்டியும் என்றால் பிக்சலுக்கு 0.93 விகலை. 12 விகலைச் சோடி 13 பிக்சல் தள்ளி நிற்கும், போதும். அதே தொலைகாட்டியில் 3 விகலைச் சோடி என்றால் இரண்டும் ஒரே கட்டியாகிவிடும்.

படம் வந்துவிட்டது. இனி?

ஒளி விழாமல் எடுத்த இருள் படம், சீரான வெளிச்சத்தில் எடுத்த சமவொளிப் படம் கொண்டு கமெராவின் குறைகளைச் சுத்தம் செய்யும் வேலையைப் பெரும்பாலான சேவைகள் தாங்களே செய்து தருகின்றன. அடுத்தது படத்துக்கு வானத்தின் ஆள்கூறுகளைப் பொருத்துவது. அஸ்ட்ரோமெட்ரி டொட் நெட் என்ற இலவசச் சேவைக்குப் படத்தைக் கொடுத்தால், அதிலுள்ள விண்மீன் வடிவங்களைத் தன் அட்டவணைகளோடு ஒப்பிட்டு, வடக்கு எந்தப் பக்கம், பிக்சலுக்கு எத்தனை விகலை என்று எழுதித் தரும். பிறகு அஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற மென்பொருளில் முதல் விண்மீனிலிருந்து துணைக்கு ஒரு கோடு இழுத்தால் இரண்டு எண்களும் வந்துவிடும். அதுவும் இலவசம்.

இருந்தாலும் ஒரு தடவையாவது கையால் கணக்குப் போடச் சொல்வேன். வானத்தின் ஆள்கூறுகள் இரண்டு: நிலநெடுங்கோடு போன்றது வலவேற்றம், நில அகலக்கோடு போன்றது நடுவரை விலக்கம். உதாரணத்துக்கு, வானத்தின் நடுவரைக்குத் தெற்கே 30 பாகையில் ஒரு சோடி. துணை விண்மீனின் வலவேற்றம் 0.80 நேரச் செக்கன் கூட, நடுவரை விலக்கம் 6.00 விகலை வடக்கே. ஒரு நேரச் செக்கன் 15 விகலை, ஆகவே 12.00 விகலை. ஆனால் வலவேற்றக் கோடுகள் தோடம்பழச் சுளைபோல் துருவத்தை நோக்கி ஒடுங்குபவை. அதனால் 30 பாகையின் கோசைனால் பெருக்கவேண்டும்: 10.39. இனிப் பைதகரஸ்: இடைவெளி 12.00 விகலை. கோணத்தின் தாஞ்சன் 10.39ஐ 6.00ஆல் வகுத்தது, அது 60 பாகை. கோசைனை மறந்தால் 13.42 விகலையும் 63.4 பாகையும் வரும். இரண்டும் நம்பக்கூடிய எண்களாகவே தெரியும், அதுதான் ஆபத்து.

என் அளவு பட்டியலோடு ஒத்துவரவில்லை. பிழை எங்கே?

கோணம் சரியாக 180 பாகை விலகியிருந்தால், எது முதல், எது துணை என்று மாற்றிப் பிடித்துவிட்டீர்கள். இரண்டும் ஒரே பிரகாசம் என்றால் இது சகஜம். நான் என் மூன்றாவது சோடியில் இதைச் செய்து, விண்மீன் அரைச் சுற்றுச் சுற்றிவிட்டது என்று இரண்டு நாள் சந்தோசமாக இருந்தேன். இடைவெளி மட்டும் பெரிதாக விலகினால், தவறான விண்மீனை அளந்திருக்கலாம், வடிகட்டி வேறாக இருந்தால் பிரகாச ஒழுங்கே மாறித் தெரியலாம்.

இவை எதுவும் இல்லையென்றால், பிழை உங்களில் இல்லாமலும் இருக்கலாம். விண்மீன் உண்மையாகவே நகர்ந்திருக்கும், அல்லது 1910இல் அளந்தவர் பிழைவிட்டிருப்பார்.

பழைய எண்ணை எழுதி வைக்காதீர்கள் என்றது இதற்காகத்தான். ஒரு தடவை எனக்குப் பதினொரு படம் கிடைத்தது. அதில் ஒன்றை, விண்மீன் கொஞ்சம் நீண்டு தெரிகிறது என்று சொல்லித் தள்ளிவிட்டேன். சில வாரம் கழித்துத் திறந்து பார்த்தால், மற்றப் பத்திலும் அதே நீட்சி. அந்த ஒன்றை நான் தள்ளியது அதன் வடிவத்துக்காக அல்ல. அதன் எண் பட்டியலிலுள்ள எண்ணிலிருந்து தள்ளி இருந்தது, அவ்வளவுதான். நான் ஏமாற்ற நினைக்கவில்லை. கண் தானாகவே காரணம் தேடிவிட்டது. அன்றிலிருந்து, எந்தப் படம் தள்ளுபடி என்பதை அளக்க முன்னமே முடிவுசெய்து எழுதிவிடுகிறேன். அளந்து முடித்து, இடையையும் (சராசரியையும்) வழுவையும் எழுதிக் கையொப்பம் போட்டபிறகுதான் பட்டியலைத் திறப்பேன். கையொப்பம் கொஞ்சம் நாடகம்தான், ஆனால் வேலை செய்கிறது.

வழுவை எப்படிச் சொல்வது?

உயர்தரப் புள்ளிவிபரவியல் போதும். பத்து அளவுகளின் இடை, நியம விலகல். நியம விலகலை √10ஆல் வகுத்தால் இடையின் நியம வழு. நியம விலகல் 0.12 விகலை என்றால் நியம வழு 0.04. ஒன்றைக் கவனியுங்கள்: 0.1 விகலைத் தடுமாற்றம் 12 விகலைச் சோடியில் அரைப் பாகைக் கோணம், 5 விகலைச் சோடியில் ஒரு பாகைக்கு மேல். நெருங்க நெருங்கக் கோணம் ஆட்டங்காணும். மென்பொருள் ஆறு தசம தானம் தருகிறதே என்று ஆறையும் எழுதுபவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

சோடி உண்மையாகச் சுற்றுகிறதா, தற்செயலாக ஒரே திசையில் தெரிகிறதா என்று எப்படித் தெரியும்?

வானத்தில் இவ்வளவு நெருங்கிய சோடிகள் தற்செயலாக வரமுடியாது என்று 1767இலேயே ஜோன் மிச்செல் நிகழ்தகவை வைத்து வாதாடினார். 1803இல் வில்லியம் ஹேர்ஷல் மிதுனத்திலுள்ள கஸ்ரர் போன்ற சோடிகள் திரும்பியிருப்பதைத் தன் அளவுகளாலேயே காட்டினார். ஒவ்வொரு சோடியாகத் தீர்ப்புச் சொல்ல இன்று கையாவின் இடமாறும், வானத்தில் விண்மீன் ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்ற சுய இயக்கமும் இருக்கின்றன. இரண்டுக்கும் தூரமும் ஓட்டமும் ஒன்றென்றால் உறவு இருக்கலாம். தூரத்தில் ஒன்று 300 ஒளியாண்டு, மற்றது 900 என்றால் கதை முடிந்தது. பொன்னும் நீலமுமாக எல்லோரும் தொலைகாட்டியில் காட்டும் அல்பிரியோ என்ற இரட்டை உண்மையான சோடிதானா என்பது இன்னும் வாக்குவாதமாகவே இருக்கிறது.

சி.சி.டியா, சிமொஸா?

இரண்டும் ஒளியை எண்ணும் தட்டு வகைகள், எது கிடைக்கிறதோ அது. புதிய தொலைகாட்டிகளில் சிமொஸ் கூடிவருகிறது. அளக்கும் முறை மாறாது.

3 விகலைக்கும் குறைந்த சோடிகளை விட்டுவிடுவதா?

தொலைவிலிருந்து, சாதாரணப் படங்களால் என்றால், ஆம். நொடிக்குப் பல படமாக எடுத்து நல்லவற்றை மட்டும் பொறுக்குவதும், மிகக் குறுகிய படங்களிலிருந்து காற்றின் கலக்கத்தைக் கணக்கால் நீக்கும் ஸ்பெக்கிள் குறுக்கீட்டுமானமும் அந்த வேலைக்கானவை. கன்னி மண்டலத்திலுள்ள பொர்ரிமா என்ற இரட்டை 2005இல் 0.4 விகலைக்கு நெருங்கியது, அப்படிப்பட்டவற்றை அளக்க இத்தகைய முறைகள் வேண்டும். ஆசை இருந்தால் பிறகு போகலாம்.

கரண்ட் போனால்?

2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த மாதங்களிலும் அளந்தேன். விண்ணப்ப முறையின் அருமை அப்போதுதான் விளங்கியது: வீட்டில் மெழுகுதிரி, சிலியில் தொலைகாட்டி தன்பாட்டில் வேலை. மின்சாரம் வந்ததும் படங்களை இறக்கினால் போதும், ஒரு படம் சில பத்து மெகாபைற்று.

அளந்ததை எங்கே கொடுப்பது?

2005இலிருந்து வரும் ஜேர்னல் ஒஃப் டபுள் ஸ்டார் ஒப்சர்வேஷன்ஸ் மாணவர்களின் கட்டுரைகளையும் ஏற்கிறது. ஆங்கிலத்தில் எழுதவேண்டும், நான்கைந்து பக்கம் போதும்: எந்தத் தொலைகாட்டி, எத்தனை படம், எப்படி அளந்தோம், இரண்டு எண்கள், வழு, திகதி. ஒத்துவராத அளவையும் ஒத்துவரவில்லை என்றே எழுதி அனுப்புங்கள். வெளிவந்த அளவு வோஷிங்ரன் பட்டியலைப் பராமரிப்பவர்களிடம் போய்ச் சேரும், அந்தச் சோடியின் வரியில் கடைசி அளவின் ஆண்டு மாறும். அதைப் பார்க்கப் பட்டியலை அடிக்கடி திறந்து மூடுவீர்கள், நானும் அப்படித்தான் செய்தேன்.